பைன் காட்டில் காளான் கொட்டிக் கிடக்கிறது, சோலையில் இல்லை. அப்படியென்றால் எந்த மண்ணில் சத்து அதிகம்?

கோத்தகிரி மலர் · ஞாயிறு, இரவு 8.12

வணக்கம். ஐப்பசி மழை விட்ட இரண்டாவது நாள் தங்கை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தலைக்குந்தா பைன் காட்டுக்குப் போயிருந்தோம். பத்தடிக்கு ஒரு காளான். சிவப்புக் குடையும் மேலே வெள்ளைப் பொட்டுமாக ஒன்று, பிள்ளைகள் அதைவிட்டு நகரவே இல்லை. பழுப்பு நிறத்தில் வழவழவென்று இன்னொன்று, திருப்பிப் பார்த்தால் அடியில் மடிப்பு இல்லை, பஞ்சு மாதிரி பொடி ஓட்டைகள்.

மறுநாள் லாங்வுட் சோலை, நம் மலையின் இயற்கையான பழைய காடு. அங்கே விழுந்து கிடந்த மரங்களில் காது மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தவற்றைப் பார்த்தோம். சருகுக்கு மேலே நூல் காம்புடன் பொடிக் காளான்கள் இருந்தன. தரையில் பெரிதாக எதுவுமே இல்லை.

எட்டாவது படிக்கிற தங்கை மகன் கேட்டான்: "பெரியம்மா, காளான் மண்ணுல இருந்துதானே சாப்பிடுது? அப்போ பைன் காட்டு மண்ணுலதான் சத்து அதிகமா?"

சோலை மண் கறுப்பாக, விரல் வைத்தால் உள்ளே போகிற மாதிரி இருக்கும். அதுதான் நம் மலையிலேயே நல்ல மண் என்று சின்ன வயதிலிருந்து நம்பியிருக்கிறேன். அவனுக்குச் சரியான பதில் சொல்ல ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேயிலைத் தோட்டத்தான் · ஞாயிறு, இரவு 8.40

அக்கா, முதலில் ஒன்று. அந்தச் சிவப்புக் காளான் விஷம். பிள்ளைகள் கையால் தொட்டதற்கு பயப்பட வேண்டாம், கையைக் கழுவினால் போதும், வாயில் போடக் கூடாது. பூண்டு போட்டு வேகவைத்தால் விஷம் தெரிந்துவிடும், வெள்ளிக்காசு கறுக்கும் என்றெல்லாம் ஊரில் சொல்வார்கள். எதையும் நம்பாதீர்கள்.

கேள்விக்கு என் கணிப்பு: பைன் காட்டில் ஊசிச் சருகு முழங்கால் அளவு கிடக்கிறது. காளானுக்கு அதுதான் சாப்பாடு. சோலையில் இலை சீக்கிரம் மக்கிவிடுவதால் மிச்சம் இல்லை. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

ஊட்டி டீச்சர் · ஞாயிறு, இரவு 10.05

பிளஸ் டூவுக்கு இருபத்தைந்து வருடம் தாவரவியல் எடுத்தவள். அந்தப் பையன் கேட்டது அருமையான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாம் பார்க்கிற காளான் வெறும் பழம் மாதிரி. மாங்காயைப் பார்த்துவிட்டு மாமரத்தைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டோம் இல்லையா? பூஞ்சையின் உண்மையான உடம்பு மண்ணுக்குள்ளேயும் கட்டைக்குள்ளேயும் ஓடுகிற இழைகள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமன். காட்டு மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து அதிலிருக்கும் இழைகளை நீட்டிப் போட்டால் பல மீட்டர் வரும், நல்ல மண்ணில் நூறு மீட்டரையும் தாண்டும்.

நாம் சோற்றை உள்ளே போட்டுச் செரிக்கிறோம். பூஞ்சைக்கு வயிறு வெளியே இருக்கிறது. இழையின் நுனி நொதிகளை வெளியே கசியவிடும். அந்த நொதி இலையையும் கட்டையையும் சர்க்கரையாக, அமினோ அமிலமாக உடைக்கும். உடைந்து நீரில் கரைந்ததை இழை உறிஞ்சிக்கொள்ளும். சுற்றிலும் ஈரம் இல்லாவிட்டால் நொதியும் போகாது, கரைந்ததும் திரும்பி வராது. வெயில் காலத்தில் பூஞ்சை சும்மா கிடப்பதும், மழை விழுந்த நாலாம் நாள் திடீரென்று முளைப்பதும் இதனால்தான்.

உறிஞ்சுவதும் சும்மா நடப்பதில்லை. இழையின் சவ்வு ஹைட்ரஜன் அயனிகளை இடைவிடாமல் வெளியே தள்ளுகிறது. அவை திரும்ப உள்ளே வரத் துடிக்கும், வரும்போது சர்க்கரையையும் பாஸ்பேட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். அதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவுக்குச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் மலர் கேட்டதற்குப் பதில் இருக்கிறது.

செத்த இலையையும் கட்டையையும் உடைத்துச் சர்க்கரை எடுப்பவை மட்கு உண்ணிகள். சோலையில் மலர் பார்த்த காதும் நூல்காம்பும் அந்த வகை. ஆனால் தலைக்குந்தாவில் பார்த்த சிவப்பும் (அமானிட்டா மஸ்கேரியா) பஞ்சு அடியுள்ள பழுப்பும் (சூயில்லஸ்) ஊசிச் சருகை நம்பிப் பிழைக்கவில்லை, தம்பி. அவற்றுக்குச் சர்க்கரை தருவது உயிருள்ள பைன் மரம். வேர் நுனியை இழைகள் உறை மாதிரி போர்த்திக்கொள்ளும், வேரின் வெளிச் செல்களுக்கு இடையே வலை பின்னும், செல்லுக்குள் நுழையாது. அந்த வலையில்தான் கொடுக்கல் வாங்கல். மரம் சர்க்கரை கொடுக்கும், பூஞ்சை மண்ணிலிருந்து மணிச்சத்து (பாஸ்பரஸ்), தழைச்சத்து (நைட்ரஜன்), தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும். இலை தயாரிக்கும் உணவில் பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்று வரை கூட இப்படிக் கீழே போகும் என்பது கணக்கு.

இதற்கு 'வேர்ப்பூஞ்சை' என்ற பொருளில் மைக்கோரைசா என்று 1885-ல் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். டிரஃபிள் என்ற விலை உயர்ந்த காளானைப் பயிரிட முடியுமா என்று பார்க்கச் சொன்னார்கள். அவர் வேரைத் தோண்டிப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார்.

சோலைக்கு வருவோம். நாவல், செண்பகம், லவங்க இனங்கள் என்று நம் சோலை மரங்களில் பெரும்பாலானவற்றுக்கும் வேர்த்துணை உண்டு, ஆனால் அது வேறு வகை. இழை வேரின் செல்லுக்குள்ளேயே போய் குட்டி மரம் மாதிரி கிளை விடும். அந்தப் பூஞ்சைகள் காளானே விடாது! மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத விதைத்தூள்தான் உண்டு. ஆக, பைன் காட்டில் காளான் அதிகம் என்றால் பைன் தன் சர்க்கரையைக் காளான் விடுகிற கூட்டாளிக்குக் கொடுக்கிறது என்று பொருள். மண் சத்தை அது காட்டாது.

கோத்தகிரி மலர் · திங்கள், காலை 6.50

டீச்சர், இரண்டு முறை படித்தேன். ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். மரத்துக்கே வேர் இருக்கிறதே. அது ஏன் உணவில் இவ்வளவு பங்கைக் கொடுத்து இன்னொருவரை வைத்துக்கொள்ள வேண்டும்?

ஊட்டி டீச்சர் · திங்கள், காலை 9.15

மணிச்சத்தால்தான். நைட்ரேட் தண்ணீரோடு ஓடி வரும். பாஸ்பேட் நகராது. நம் மலைச் செம்மண் புளிப்பு மண், இரும்பும் அலுமினியமும் நிறைய. பாஸ்பேட்டைப் பிடித்துப் பூட்டி வைத்துக்கொள்ளும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை எடுத்து முடித்துவிட்டால் அடுத்தது தானாக வந்து சேராது. வேரே வளர்ந்து போக வேண்டும். வேரைத் தடிமனாகக் கட்டுவதற்கு ஆகிற செலவில் இழையை அதுபோல் எத்தனையோ மடங்கு நீளத்துக்கு ஓட்டலாம். வேர் நுழைய முடியாத மண்துகள் இடுக்கிலும் இழை போகும்.

பைன் வேர்ப்பூஞ்சைகள் ஆக்சாலிக் அமிலம் மாதிரியான அமிலங்களைக் கசியவிட்டு இரும்பிடமிருந்து பாஸ்பேட்டைப் பிடுங்கும். பாஸ்பட்டேஸ் நொதியால் மட்கிலிருக்கும் மணிச்சத்தையும் கழற்றும். அதனால் தோட்டத்தான் தம்பி சொன்ன ஊசிச் சருகுக்கும் இதில் கொஞ்சம் பங்கு இருக்கிறது. சருகிலிருந்து தழைச்சத்தும் மணிச்சத்தும் எடுக்கும். ஆனால் கட்டைக்கும் இலைக்கும் உறுதி தருகிற லிக்னினையும் செல்லுலோஸையும் முழுசாக உடைத்துப் பிழைக்கிற திறமையை இந்த வகைகள் பெரும்பாலும் இழந்துவிட்டன. லக்காரியா பைகலர் என்ற வேர்ப்பூஞ்சையின் மரபணுத் தொகுப்பை 2008-ல் வெளியிட்டபோது, கட்டை உடைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் அதில் மிகக் குறைவாக இருந்தன. சோறு போட ஆள் கிடைத்துவிட்டால் அடுப்பு எதற்கு?

சோலை நாற்றங்கால் · திங்கள், மதியம் 1.30

நான் சோலைக் கன்று வளர்க்கிற வேலையில் இருக்கிறேன். டீச்சர் சொன்னதை நாங்கள் கையால் பார்க்கிறோம். வெறும் செம்மண்ணும் மணலும் கலந்து பையில் போட்டால் கன்று முளைக்கும், அப்புறம் அப்படியே நிற்கும். நல்ல மரத்தடி மட்கிய மண்ணை ஒரு கை சேர்த்தால் எழுந்துவிடும். உரம் என்று நினைத்துத்தான் ஆரம்பத்தில் சேர்த்தோம். உயிரும் அதோடு வருகிறது என்று பிறகுதான் புரிந்தது.

அந்தச் சிவப்புக் காளானும் நம் மலைக்காரர் இல்லை. பைனோடு வந்தது. இந்த மலையில் இயற்கையாகப் பைன் இல்லவே இல்லை. பைன் மட்டும் வந்து பூஞ்சை வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போர்ட்டோ ரிக்கோ தீவு ஒரு உதாரணம். அங்கே பைன் கன்றுகள் நட்டுப் பார்த்து மஞ்சளித்துப் போயின. 1950களில் அமெரிக்கப் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் வளர்ந்தன.

பைனை வெட்டிவிட்டு அந்த இடத்தில் சோலைக் கன்று நடுகிறபோது என் மனதில் ஓடுவது இதுதான். மேலே மரம் மாறினால் போதாது, கீழே கூட்டாளியும் மாற வேண்டும். அதனால் பையிலேயே சோலைத் துணையை ஏற்றி அனுப்பப் பார்க்கிறோம். ஆனால் யாரும் சோலைக்குள் போய் மண் அள்ளாதீர்கள். காப்புக்காடு, சட்டப்படி தப்பு. சோலைக்கும் காயம்.

பூம்பாறை விவசாயி · திங்கள், இரவு 7.20

நான் பழனி மலைப் பக்கம், கொடைக்கானல் மேலே. மலைப்பூண்டு, உருளை, கேரட், கொஞ்சம் முட்டைக்கோஸ். டீச்சர் செல்லுக்குள் போகிற வகை என்று சொன்னது 'வேம்' என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அதுதானா? இரண்டு வருடம் போட்டேன். ஒரு பாத்தியில் பூண்டு நன்றாக வந்தது, கோஸ் பாத்தியில் ஒரு மாற்றமும் இல்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்துவிட்டேன்.

ஊட்டி டீச்சர் · திங்கள், இரவு 8.02

அதேதான் தம்பி. வேர் உட்பூசணம் என்று வேளாண் பல்கலைக்கழகத்தில் சொல்வார்கள். கோஸ் விஷயத்தில் விற்றவர் மேல் தப்பு இருக்க வேண்டியதில்லை. முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு, காலிஃபிளவர் எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பம் இந்தப் பூஞ்சையோடு சேர்வதில்லை. பீட்ரூட்டும் பாலக் கீரையும் அப்படியே. பூண்டும் வெங்காயமும் நேர் எதிர், வேரில் மயிர் மாதிரியான தூவி குறைவு, துணையை ரொம்ப நம்பும். உருளை, கேரட், பீன்ஸ் சேரும்.

இந்தப் பூசணத்துக்குச் செத்த இலையைத் தின்னவே தெரியாது. உயிருள்ள வேர் மட்டும்தான் வாழ்வு. சர்க்கரையோடு கொழுப்பும் செடியிடமிருந்தே வாங்குகிறது. அதனால் கோஸுக்குப் பின் கோஸ், அதற்குப் பின் பீட்ரூட் என்று போட்டால் மண்ணில் அது மெலிந்து போகும். அடுத்து வருகிற பூண்டுக்கு முதல் வாரங்கள் சிரமம். இடையில் ஒரு பீன்ஸ் போட்டுப் பாருங்கள். சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டாலும் செடி துணையைக் கைவிட்டுவிடும். இலவசமாக வாசலில் கிடைக்கிறபோது கூலி கொடுத்து ஆள் வைக்குமா? அடிக்கடி ஆழமாகக் கொத்தினால் இழைவலை அறுந்து போகும், அதையும் பாருங்கள்.

பூம்பாறை விவசாயி · திங்கள், இரவு 8.25

கோஸுக்கு அடுத்த போகம் பூண்டு இளைக்கும் என்று அப்பா சொல்வார். கோஸ் மண்ணை உறிஞ்சிவிடுகிறது என்பது அவர் காரணம். காரணம் வேறாக இருந்தாலும் அவர் பார்த்தது சரிதான் போலிருக்கிறது. மார்கழி முடிந்து பீன்ஸ் ஊன்றுகிறேன்.

தேயிலைத் தோட்டத்தான் · செவ்வாய், காலை 7.10

டீச்சர், என் கணிப்பைத் திருத்தியதற்கு நன்றி. நான் சொல்லக்கூடியது பூஞ்சையின் இன்னொரு முகம். தேயிலையில் சிவப்பு வேர் நோய் வந்தால் ஒரு செடி காயும், அடுத்த வருடம் பக்கத்துச் செடி, அப்புறம் வட்டமாக இடம் காலியாகும். தோண்டினால் பெரும்பாலும் அடியில் பழைய மரத்தின் அடிக்கட்டை இருக்கும். பூஞ்சை அந்தக் கட்டையை இருப்புக் களஞ்சியமாக வைத்துக்கொண்டு, வேர் வேரைத் தொடும் இடத்தில் தாவுகிறது. அதனால்தான் நிழல்மரத்தை வெட்டுவதற்கு ஒரு வருடத்துக்கு மேலாக முன்கூட்டியே அடிப்பட்டையை வளையமாக உரித்துவிடச் சொல்வார்கள். மேலிருந்து சர்க்கரை இறங்காது, வேரில் இருந்த மாவுச்சத்து தீர்ந்துவிடும், அப்புறம் பூஞ்சைக்கு அங்கே சாப்பாடு இல்லை. எங்கள் மேஸ்திரிகள் காரணம் தெரியாமலே இதை ஒழுங்காகச் செய்வார்கள்.

ஒரு கேள்வி. எங்கள் நிழல்மரம் முழுக்க சில்வர் ஓக். அதன் அடியில் பைன் மாதிரி காளான் பார்த்ததே இல்லை. அதற்கும் உள்ளே போகிற வகைத் துணையா?

ஊட்டி டீச்சர் · செவ்வாய், காலை 11.40

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். அதன் குடும்பமே பெரும்பாலும் பூஞ்சைத் துணையை நம்பாதது. பதிலாக வேரில் புட்டி கழுவும் பிரஷ் மாதிரி நெருக்கமாகப் பொடி வேர்க்கொத்துகளை விடும். அந்தக் கொத்துகள் சிட்ரேட் அமிலத்தைக் கொட்டி, மண் பூட்டிவைத்த பாஸ்பேட்டைத் தானே கரைத்து எடுத்துக்கொள்ளும். மேல்மண்ணைச் சற்றே விலக்கினால் கண்ணுக்கே தெரியும், பாருங்கள்.

சோலைக்குருவி · செவ்வாய், மாலை 5.05

இடையில் நுழைகிறேன். அவலாஞ்சி பக்கம் சோலை ஓரத்தில் எடுத்த படம் கீழே. சோலைத் தரையிலும் சிவப்புக் காளான் இருக்கிறதே! முஷ்டி அளவு, குடை விரியவில்லை, கொத்தாக ஐந்தாறு.

ஊட்டி டீச்சர் · செவ்வாய், மாலை 6.30

இது காளானே இல்லை, செடி! பாலனோஃபோரா. பூக்கும் தாவரம். அடியில் செதில் செதிலாக இருக்கிறதே, அவை இலையின் மிச்சம். மேலே உருண்டையாக இருப்பது பொடிப் பூக்களின் கூட்டம். பச்சையம் இல்லை, சோலை மரத்தின் வேரில் நேராக ஒட்டிக்கொண்டு உணவை எடுத்துக்கொள்ளும். பூஞ்சை இடையில் இல்லை. ஏமாறாதவர்கள் குறைவு. நானும் முதல் முறை குனிந்து மடிப்புத் தேடினேன்.

சோலையின் மேல் விளிம்பில் நிற்கிற காட்டுப்பூவரசையும் சொல்லிவிடுகிறேன். ரோடோடெண்ட்ரான், சிவப்பாகப் பூக்குமே. அதற்கு மூன்றாவது வகைத் துணை. மயிர் மாதிரி மெல்லிய வேருக்குள் சுருள் சுருளாக இழை நிரம்பியிருக்கும். புளித்த கறுப்பு மண்ணில் புரதமாகவும் மட்காகவும் பூட்டியிருக்கிற தழைச்சத்தை உடைத்து எடுத்துத் தரும். உறைபனியும் நெருப்பும் காற்றும் அடிக்கிற அந்த விளிம்பில் அந்த மரம் நிற்பதற்கு இதுவும் ஒரு பலம்.

சோலைக்குருவி · செவ்வாய், மாலை 6.55

செடியா! நன்றி டீச்சர். காட்டுக்குள் மரங்கள் எல்லாம் இந்தப் பூஞ்சை வலை வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் கன்றுகளுக்கு ஊட்டுகிறது என்று படித்தேன். நம் சோலையிலும் அப்படித்தான் நடக்கிறது இல்லையா?

சோலை நாற்றங்கால் · செவ்வாய், இரவு 9.10

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. கனடாவில் சூசன் சிமார்டு 1997-ல் வெளியிட்ட ஆய்வில் பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கும் இடையே கார்பன் போய் வந்ததை அடையாளம் இட்ட கார்பன் வைத்துக் காட்டினார், அது உண்மை. ஆனால் எவ்வளவு வலை வழியாகப் போனது, எவ்வளவு மண் வழியாகப் போனது, கன்றுக்கு அதனால் பிழைப்பு கூடியதா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே பெரிய வாதம் நடக்கிறது. அது குளிர்நாட்டுக் காடு, வேறு வகைப் பூஞ்சை. அதை அப்படியே நீலகிரிச் சோலைக்கு ஏற்றக் கூடாது. நான் சோலையில் பார்ப்பது நிழலுக்காகவும் வெளிச்சத்துக்காகவும் கன்றுகள் படுகிற பாடு. நூற்றில் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன.

ஊட்டி டீச்சர் · செவ்வாய், இரவு 9.45

நாற்றங்கால் தம்பி பக்கம்தான் நான். தாய், ஊட்டுதல் என்ற சொற்கள் மனதுக்கு இனியவை, பாடத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. பூஞ்சை இரக்கத்தால் எதையும் செய்வதில்லை என்பதற்கு ஒரு சான்று: நாம் சமைக்கிற சிப்பிக்காளான் கட்டையைத் தின்னும் வகை. கட்டையில் சர்க்கரை உண்டு, தழைச்சத்து மிகக் குறைவு. அந்தக் குறைக்கு அது நூற்புழுக்களை மயக்கிச் செயலிழக்கச் செய்து, இழையை உள்ளே விட்டு உறிஞ்சுகிறது. முன்னே சொன்ன லக்காரியா, மண்ணில் குதிக்கும் ஸ்பிரிங்டெயில் பூச்சிகளைக் கொன்று, அந்தத் தழைச்சத்தைப் பைனுக்குக் கொடுத்துச் சர்க்கரை வாங்கியதை 2001-ல் சோதனையில் காட்டினார்கள். பூச்சியின் சத்து பூஞ்சை வழியாக மரத்தின் ஊசி இலைக்குப் போகிறது! இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கோத்தகிரி மலர் · சனி, இரவு 8.30

இன்று பையனோடு மறுபடி தலைக்குந்தா போனேன். தோண்டவில்லை. சாலை வெட்டில் மண் சரிந்து வேர் தொங்குகிற இடத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தோம். பொடி வேர்களின் நுனி ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து கவட்டை மாதிரி, குட்டையாக, வீங்கின மாதிரி இருந்தது. சிலவற்றின் மேல் வெள்ளைப் பஞ்சு. அவன் "போர்வை போத்தியிருக்கு பெரியம்மா" என்றான். டீச்சர் சொன்ன உறை அதுதானே? நோட்டில் வரைந்து வைத்திருக்கிறான்.

சோலை வேரையும் இப்படிப் பார்க்க வழி உண்டா என்று கேட்கிறான்.

ஊட்டி டீச்சர் · சனி, இரவு 9.00

அதேதான்! பைனில் அந்தக் கவட்டைதான் அடையாளம். சோலை வகை கண்ணுக்கும் லென்ஸுக்கும் தெரியாது. மெல்லிய வேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி வெளுத்து, வினிகரில் கலந்த பேனா மையில் நனைத்து எடுத்தால் பூசணம் நீலமாகப் பிடிக்கும், வேர் வெளிறி நிற்கும். காரம் கையைச் சுடும், அதனால் பையன் தனியாகச் செய்யக் கூடாது. என்னிடம் பழைய மைக்ராஸ்கோப் இருக்கிறது. ஊட்டி வரும்போது கூட்டி வா மலர். சோலை வேர் எடுக்கக் கூடாது, பூண்டு வேரிலேயே நன்றாகத் தெரியும்.

பூம்பாறை விவசாயி · சனி, இரவு 9.12

டீச்சர், வேர் நான் அனுப்புகிறேன். வேம் போட்ட பாத்தியில் நாலு செடி, கோஸுக்குப் பின் ஊன்றின பாத்தியில் நாலு செடி, தனித்தனியாகப் பெயர் எழுதி. ஈரத்துணியில் சுற்றினால் போதுமா, இல்லை ஸ்பிரிட்டில் போடணுமா?

ஊட்டி டீச்சர் · சனி, இரவு 9.20

மண்ணைக் கழுவிவிட்டு ஸ்பிரிட்டில் போடுங்கள் தம்பி. மெல்லிய வேர் மட்டும் போதும், கிழங்கு வேண்டாம்.